பெயர் ஒட்டிய காலிக் குழாய்

குனோங் ராபாட், ஈப்போ.
9.7.2024

அன்புள்ள தனேஸ்வரிக்கு,

நீயும் துளசியும் நலம்தானே? உன் அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே என் அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி குறையில்லை. அம்மாவின் புந்தோங் வீட்டில் நீ வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி மதில் உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மங்களம் அக்கா கேட்காமலே பறித்துக்கொள்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

துளசி சைக்கிள் பழகும் படத்தை உன் தம்பி தீபன் ஃபேஸ்புக்கில் போட்டிருந்ததைப் பார்த்தேன். நன்றாக வளர்ந்துவிட்டாள். நெற்றி அப்படியே அவள் அப்பா யுகேந்திரன்.

என் செய்திகளை நீ திறப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. வேறு யாருடைய போனிலிருந்தாவது உன்னை அழைத்திருக்கலாம். ஆனால் போனில் அவசரமாக நான் சொன்ன ஒரு பதிலால்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை, என் தம்பி யுகேந்திரனுக்கு முதல் திதி. அதைப் பேசி முடிவு செய்யச் சென்ற ஞாயிறு சுகுமாரன் அண்ணன் புந்தோங்குக்கு வந்திருந்தார். யார் யாரைக் கூப்பிடுவது என்று வரும்போது உன் பெயரை நான்தான் எடுத்தேன். "ஆஸ்பத்திரியில இருக்கச் சொல்லியும் கையெழுத்து போட்டுக் கூட்டிட்டு வந்தது அவதானே. அவ வந்து எலையில சோறு வைக்கணுமாலா?" என்றார் அண்ணன். அம்மா மறுத்துப் பேசவில்லை. பதினொரு மாதமாக இந்த வீட்டில் இதே பேச்சுதான். நானும் பதினொரு மாதமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி போன அன்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்தது தெரியாது.

போன வருடம் அந்தச் சனிக்கிழமை காலை, குறுக்கே வந்த காருக்காக பிரேக் பிடித்து மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். ஹேண்டல் இடது விலாவுக்குக் கீழே குத்தியது. தோலில் ஒரு சிவப்பு அடையாளம் மட்டும். மருத்துவமனையில் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் பதினான்கு புள்ளி ஒன்று. சாயங்காலம் வரை இருக்க வேண்டும், மறுபடி மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். படுக்கை கிடைக்கவில்லை, தாழ்வாரத்தில் சக்கரக் கட்டில்தான். மறுநாள் கோப்பெங் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் ஆடித் திருவிழா. அன்னதானச் சமையல் அவன் பொறுப்பு. வெங்காயம் அரிய ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள் என்று அவன் துடித்துக்கொண்டிருந்தான்.

நீ அந்த முடிவுச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு அழைத்தாய். "அக்கா, இவரு கேக்கவே மாட்டேங்கிறாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னா இருப்பாரு" என்றாய். சீட்டின் ஓரத்தில் 'நான்கு மணி நேரம் கழித்து மறுபடி' என்று கையால் எழுதியிருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். மருத்துவமனைக்காரர்கள் ஒன்றுக்கு மூன்றாக டெஸ்ட் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "நம்பர் நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள ரத்தம் போனா இவ்வளவு இருக்காது. வீட்டுக்கே கூட்டிட்டுப் போ" என்றேன். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

அப்போது நான் எங்கே நின்றேன் என்று உனக்குத் தெரியாது. கையுறைத் தொழிற்சாலையில், ரப்பர் பால் தொட்டிக்குப் பக்கத்தில், அன்றைய மூன்றாவது மாதிரியை எடுக்க நின்றுகொண்டிருந்தேன். ஒரு தொட்டிக்கு, மூன்று வெவ்வேறு நேரத்தில் மூன்று மாதிரி. இருபத்திரண்டு வருடமாக அந்த லேப்பில் அதுதான் என் சட்டம். ஒரே மாதிரியைப் பார்த்துத் தொட்டியையே பாஸ் பண்ணிய இரண்டு பேரை நான் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். சாவு வீட்டில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது. இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வந்த நர்சிடம், "ஏன் மிஸ்ஸி, காலையில எடுத்தத குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டானாம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாளாம். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்ற ஃபாரத்தில் அவன் கையெழுத்திட்டான், சாட்சியாக நீ. நீங்கள் வெளியே வரும்போது, அவன் பெயர் ஒட்டிய காலிக் குழாயை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள் என்றாய்.

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தான். தோள் வலிக்கிறது என்றான், நீ தைலம் தேய்த்தாய். தாகம் தாகம் என்றான். குளியலறையில் விழுந்தபோது மணி ஏழரை. திரும்பக் கொண்டுபோனபோது அதே எண் ஏழுக்கு இறங்கியிருந்தது. மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை.

மின்சுடலையில் அண்ணன் உன்னைப் பார்த்துக் கத்தியபோது நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் பேசுவேன் என்று காத்திருந்தாயோ என்னவோ. பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். இன்றுவரை நீ யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு நான் போனை எடுத்து நீ அனுப்பிய படத்தை மேசைமேல் வைத்தேன். போகச் சொன்னது நான்தான் என்றேன். அண்ணன் போனைத் தொடாமலே படித்தார். எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார், வெகுநேரம். அம்மாதான் கேட்டார், "பதினாலுன்னா நல்ல நம்பர்தானேடி? நல்ல நம்பர் உள்ளவன் எப்பிடி செத்தான்?"

அடிபட்ட கொஞ்ச நேரத்தில் அந்த எண் நல்லதாகவே இருக்கும் என்று சொன்னேன். கசிவதும் ரத்தம், மீதி இருப்பதும் அதே ரத்தம். அளவு குறையும், அடர்த்தி குறையாது. மணிக்கணக்கில் உடம்பு தண்ணீரை இழுத்து அந்த இடத்தை நிரப்பிய பிறகுதான் எண் இறங்கும். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப எடுப்பது. அம்மாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை என்று நினைத்தேன். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாதிப் பால வழியில கவுத்துப்புட்டு மீதிய ஸ்டோருக்குக் கொண்டு போனா, கணக்கெழுதுற கிராணி பால்ல மிதக்கவிட்டுப் பாக்குற கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. தண்ணி கலந்தாத்தான் அது காட்டிக் குடுக்கும். அப்பிடித்தானே?" என்றார்.

அப்படித்தான் என்றேன்.

"எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதாடி?" என்றார்.

அம்மா எழுந்து போய் உலையில் அரிசி போட்டார். மூன்று பேருக்கு வடிக்க வேண்டியதை, பழையபடி ஆறு பேருக்கு வடித்திருந்தார்.

அண்ணன் அன்று முதல் என்னோடு பேசவில்லை. நேற்று, நீ இருக்கும் ஜொகூரிலிருந்து இங்கே வரும் பஸ் நேரங்களை மட்டும் அனுப்பியிருக்கிறார். புதன்கிழமை காலை பஸ்ஸுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறார். அமான்ஜெயா பஸ் நிலையத்தில் அவரே வந்து நிற்பார். இலையில் சோறு நீதான் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னார். உனக்கு வர மனமில்லையென்றால், அதுவும் உன் உரிமை. யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசினால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் எனக்காக ஒன்று மட்டும் செய். துளசி சைக்கிள் பழகுகிறாள். பிள்ளைகள் விழுவார்கள். ஹேண்டல் வயிற்றில் குத்திவிட்டது என்று அவள் எப்போதாவது வந்து சொன்னால், அழாவிட்டாலும், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், உடனே கொண்டுபோ. இருக்கச் சொன்னால் இரு. முதல் எண் நன்றாக இருந்தால் எழுந்து வந்துவிடாதே. இரண்டாவது குழாய்க்கு அவள் கையை நீயே பிடித்து நீட்டு. அப்போது படித்தவர்கள் யாராவது போனில் ஏதாவது சொன்னால் கேட்காதே. நானே சொன்னாலும் கேட்காதே.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா என்று நீ இன்னும் ஒப்புக்கொண்டால்,
புஷ்பலதா