டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன்

என் அன்பு மாமா,

நலமா என்று உங்களிடம் இனிமேல் கேட்க முடியாது. நேராகச் செய்திக்கு வருகிறேன். ரூம் கம்ப்யூட்டர் மறுபடியும் ஓடுகிறது. பட்டனைத் தட்டிவிட்டுப் பல் தேய்த்து முடித்து வந்தாலும் திறக்காமல் முனகிக்கொண்டிருக்குமே, அது இப்போது பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்குள் திறந்து நிற்கிறது. சத்தமே இல்லை. மேல் கட்டிலிலிருந்து நீங்கள் தொப்பென்று குதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. குதிக்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் சாரத்திலிருந்து விழுந்து போன மறுநாள் உங்கள் கம்பெனி ஒரு தாள் அடித்தது. எல்லாருக்கும் பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருந்தோம், செல்வம் தானாகவே கழற்றிவிட்டு ஏறினான், அவன் கவனக்குறைவு. இவ்வளவுதான். ஒன்பது வருடம் சாரம் கட்டிய மனிதனுக்கு நான்கு வரி. அதன் ஒரு பிரதி அக்காவுக்கும் போனது. அக்கா அதைப் படித்துவிட்டு போனில் ஒன்றுதான் கேட்டாள்: "பாலா பெருசாகி இதப் படிச்சா, அப்பாவே தன்னக் கொன்னுக்கிட்டாருன்னு நெனைப்பானேடா?"

நான் பதறவில்லை. அந்த வீடியோ இருக்கிறதே என்று நினைத்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். விழுவதற்குப் பத்து நாள் முன்னால் அதே கட்டடத்தில் உங்கள் மொபைலில் எடுத்தீர்கள். கம்பி வலைக்குப் பின்னால் பெல்ட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன, கதவில் பூட்டு. "பெல்ட் கிதர் ஹை, பாய்?" என்று, பெல்ட் எங்கே என்று கேட்கிற உங்கள் குரல். "பெல்ட் கல் மிலேகா. ஆஜ் சடோ. யல்லா, யல்லா!" என்று ஃபோர்மேன். பெல்ட் நாளைக்கு, இன்றைக்கு ஏறு, சீக்கிரம். அவனைப் போலவே மூக்கால் பேசிக் காட்டி ரூமையே சிரிக்க வைத்தீர்கள். நானும் சிரித்தேன். பெல்ட் இல்லாமலா ஏறினீர்கள் என்று ஏன் நான் கேட்கவில்லை? கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவன், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி வந்து ஷார்ஜா தொழில்பேட்டையில் பெட்டி தூக்குகிறவன், எனக்குக் கோபப்படக்கூடவா தெரியவில்லை?

உங்கள் மொபைல் உங்களோடு விழுந்து நொறுங்கியது. வீடியோ ரூம் கம்ப்யூட்டரில் இருந்தது. லேபர் ஆபீசில் புகார் கொடுத்தேன். விசாரணைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்து, மூன்றாம் நாள் நின்றுவிட்டது. நீங்கள் குதிப்பதுதான் அதைக் கெடுக்கிறது என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! நீங்கள் போன பிறகுதான் அது செத்தது. மன்னித்துவிடுங்கள்.

அப்போதும் தைரியமாகத்தான் இருந்தேன். நம் ரூமில் எட்டுப் பேருடைய போட்டோக்களையும் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு வாரா வாரம் காப்பி எடுத்து வைத்தவன் நான். டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன்.

"பேக்கப் இருக்கா தம்பி?"

"இருக்கு காக்கா. டி டிரைவுல பத்திரமா இருக்கு."

"டி டிரைவு வேற டிஸ்க்கா?"

"இல்ல. இதேதான். ரெண்டாப் பிரிச்சிருக்கேன்."

காக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரே வீட்டுக்குள்ள குறுக்குச் சுவர் வச்சுட்டு, ரெண்டு வூடுங்கிறியே. வூடு இடிஞ்சா சுவரு மட்டும் நிக்குமா வாப்பா? நீ படிச்சதுக்கு யாரு பட்டம் குடுத்தா?"

டிஸ்கிலிருந்து எதுவும் வரவில்லை. கலாஸ், எல்லாம் முடிந்தது. உங்கள் குரலை நானே இரண்டாம் முறை கொன்றதுபோல இருந்தது, மாமா. கடை வாசலில் இருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பாலாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய டிவிடி நினைவுக்கு வந்தது. லீவில் போன நம் ரூம் அரியலூர் அண்ணன் பையில் கொடுத்துவிட்டீர்கள். அதில் எல்லாவற்றையும் ஏற்றித் தந்தவன் நான். உங்கள் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் போடச் சொன்னீர்கள்.

"புள்ளைக்கு எதுக்கு மாமா இந்த ஃபோர்மேன் மூஞ்சி? பயந்துக்கப் போறான்."

"போடு மாப்ள. அவங்கப்பன் எங்க ஏறுறான்னு அவனும் பாக்கட்டும்."

அக்காவுக்கு போன் செய்தேன். பீரோவில் இருக்கிறது, போட்டுப் பார்க்க மனசு வரவில்லை என்றாள். வருகிறவர் யாரிடமாவது உடனே கொடுத்துவிடச் சொன்னேன்.

"தர மாட்டேன்."

"அக்கா, கேசுக்கு வேணும்."

"இருக்கறது ஒண்ணு. அத எப்படிடா ஊர் விட்டு அனுப்புவேன்? டவுனுல பிரவுசிங் சென்டருக்குப் போயி இன்னும் ரெண்டு போட்டு, அதுல ஒண்ணு தர்றேன். நீ காலேஜுல என்னதான் படிச்ச?"

ஒரே நாளில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

லீவு முடிந்து வந்தவர் பையில், ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில், பாலாவின் பழைய சட்டையில் சுற்றி டிவிடி வந்து சேர்ந்தது. இரவல் வாங்கிய டிவிடி பிளேயரில் போட்டேன். கம்பி வலை, பூட்டு, உங்கள் குரல். ரூமில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகுதான் கம்ப்யூட்டரை ஒழுங்காகக் கட்டினேன். காக்கா கடைக் கண்ணாடிப் பெட்டியில் எஸ்.எஸ்.டி என்கிற புதுவகை டிஸ்க் ஒன்று காட்சிக்குக் கிடந்தது. உள்ளே சுற்றும் தட்டு இல்லை, முள் இல்லை, கட்டில் ஆடினாலும் கவலையில்லை. அதற்காக ஏழு வெள்ளிக்கிழமை அவர் கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர்களைப் பிரித்து மாட்டினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பெட்டிக்குள் அதற்கு இடமில்லாததால் இருபக்கம் ஒட்டும் டேப்பால் ஒட்டினேன். அதில் விண்டோஸ் மட்டும். "இது சாவாதுன்னு நெனைச்சுராத. இது சாகும்போது டிக் டிக்குன்னு சொல்லிட்டுக்கூட சாவாது" என்றார் காக்கா. ஆகவே படங்கள் வேறொரு டிஸ்கில், அதன் பிரதி காக்கா கடை அலமாரியில், இன்னொரு பிரதி யார் லீவில் போகிறார்களோ அவர்கள் பையில்.

இப்போது நம் ரூம்காரர்கள் விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட்டின் நகல் எல்லாவற்றையும் என்னிடம் கொண்டுவந்து ஸ்கேன் செய்கிறார்கள். அசல் பாஸ்போர்ட் கம்பெனி பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது, உங்கள் பெல்ட்டைப் போலவே. ஒரு மனிதனுடைய பெயரையும் முகத்தையும் இன்னொருவன் பூட்டி வைப்பதற்கு எந்த ஊரில் வேலை என்று பெயர்?

நேற்று விசாரணை. அதிகாரி வீடியோவை இரண்டு முறை பார்த்தார். கம்பெனி தரப்பில் வந்தவன் வெளியே வராந்தாவில் என் தோளில் கை போட்டான். "பாய், அந்த சிடியக் குடு. நாங்க பாத்துட்டுத் தர்றோம்."

"வச்சுக்குங்க" என்று கொடுத்தேன்.

அவன் முகம் மாறியது. "வேற காப்பி இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"லீவுல போயிருக்கு."

நீங்கள் இருந்திருந்தால் மூக்கால் பேசிக் காட்டி இதை ஒரு வாரம் ஓட்டியிருப்பீர்கள்.

அந்த நான்கு வரியை ஏற்க முடியாது, ஸ்டோர் சாவி வைத்திருந்தவனையும் ஃபோர்மேனையும் கூட்டி வா என்று அதிகாரி எழுதிவிட்டார். இன்னும் இழுப்பார்கள். இழுக்கட்டும். நான் எங்கும் போகவில்லை.

மாமா, ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். டிஸ்க் சாகும், டிவிடி கீறும், நானும் ஒருநாள் ஊர் திரும்புவேன். ஒவ்வொரு முறை லீவில் போகும்போதும் புதுப் பிரதி ஒன்று என் பையில் இருக்கும். பாலா அந்த நான்கு வரியைப் படிக்கிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் போட்டுக் காட்டுவேன். அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றியவர் இல்லை, பெல்ட் எங்கே என்று கேட்டவர். அதை அவன் உங்கள் குரலிலேயே கேட்பான்.

நீங்கள் மாப்ள என்று கூப்பிட்ட
உங்கள் மச்சினன்,
கதிர்