சிவப்புக் கோடு

1992 ஆவணி, செவ்வாய்.

காலை எட்டரைக்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போடப் போனேன். பிந்தி வருபவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். பேனையில் மை தீர்ந்திருந்தது. எங்கள் அரசாங்கக் கந்தோருக்குப் புதிதாக வந்த கிளாக்கர் பிள்ளை ஒன்பதுக்குத்தான் வந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேரம் ஒரு பொருட்டே இல்லை.

"ரியூப் வெடிச்சிட்டுது ஐயா. தடையாலை கடையிலை ஒட்டச் சாமான் இல்லை. உடுவிலிலையிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறன்."

"உம்மடை வயசிலை நாங்கள் ஒருநாளும் பிந்தினதில்லை."

"அப்ப பஸ் ஓடினது ஐயா."

சொல்லிவிட்டுத் தன்னுடைய சிவப்புப் பேனையை நீட்டினாள். நானும் வாங்கிக் கோடு போட்டேன். அவள் அதற்குக் கீழே கையெழுத்து வைத்தாள்.

பிறகு நாலரை வரை இருவரும் சும்மா இருந்தோம். சண்டையில் பாதை பூட்டிக் கிடக்கிறது; கொழும்பிலிருந்து கடிதமோ கடதாசியோ வந்து மூன்று மாதம். இன்று முழுவதும் நான் செய்த வேலை அந்த ஒரு கோடுதான். அதுவும் அவளுடைய மையில்.