இரண்டாம் ஆண்டில் புறப்பட்டவளுக்கு

டூட்டிங்கில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் கம்பிவலை அடித்த செயற்கைப் புல் மைதானம் ஒன்று இருக்கிறது. வெயில் ஏறினால் அதிலிருந்து ரப்பர் வாடை கிளம்பும். இந்த வாரம் லண்டனில் நல்ல வெயில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வாடை மூக்கில் ஏறியதால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. நேற்று மாலை பழைய வழியிலேயே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உள்ளே யாரும் ஆடவில்லை.

அந்தப் புல்லுக்கு அடியில் போட்டிருக்கும் கறுப்பு ரப்பர்த் துகள்கள் உனக்கு மறந்திருக்காது. பயிற்சி முடிந்தால் ஷூவுக்குள், சாக்ஸுக்குள், எல்லாவற்றிலும் அதுதான். விழுந்து பந்து பிடிக்கிறவள் நீ என்பதால் உன் தலைமுடியிலும் இருக்கும். ஒருமுறை பொருளாதார வகுப்பில் நீ தலையைச் சொறிய, முன்வரிசையில் இருந்தவளின் லேப்டாப் மேல் அது பொலபொலவென்று கொட்டியது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தோம்.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு அந்த வாடை மட்டும் காரணமில்லை. போன மாதம் உன் அப்பா போன் செய்தார். உன் தங்கையை ஒரு தொழில்முறை கால்பந்து அணி கூப்பிடுகிறதாம். பார்மசி படிப்பில் இரண்டாம் ஆண்டு. விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்கிறாளாம். "பிள்ளை, நீர் ஒருக்கா வந்து அவளோட கதையும். நீர் படிச்சு முடிச்சனீர். உம்மடை சொல்லைக் கேப்பாள்" என்றார். சரி அங்கிள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நாம் சந்தித்ததும் ஒரு இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில்தான். பதினைந்து வயதில் திருச்சியிலிருந்து வந்து சட்டனில் வளர்ந்தவள் நான். நீ ஹவுன்ஸ்லோவில் பிறந்தவள். பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியில் நீ கோல் கீப்பர். எனக்கு உன் முன்னால் நின்று தடுக்கும் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே பின்னாலிருந்து நீ "கெதியா, கெதியா" என்று கத்தினாய். அது யாருடைய பெயரோ என்று நினைத்து நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது.

"கெதியா எண்டா உனக்குத் தெரியாதே?"

"எங்க ஊர்ல சீக்கிரம்னு சொல்லுவோம்."

"சீக்கிரம் எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து உள்ள போயிடும்."

உன் சொல்லைத்தான் நான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எதிரணிக்குப் புரியாத ஒரு பாஷை நமக்கு இருந்தது. இடப்பக்கம் வாறாள், விடு நான் எடுக்கிறன், பின்னால பார் என்று நீ சொல்லச் சொல்ல நான் நகர்வேன். எதிரில் ஆடியவர்கள் நடுவரிடம் முறையிட்டதும் உண்டு. நடுவரால் என்ன செய்ய முடியும்?

அந்த இலையுதிர் காலத்தில், மழையில் நடந்த ஒரு கோப்பை ஆட்டம் முடிந்ததும், குடையோடு நின்ற ஒரு பெண்மணி நம் இருவரையும் கூப்பிட்டாள். வடக்கே கடலோர ஊர் ஒன்றின் அணியிலிருந்து வந்தவள். ட்ரையலில் ஆடிக்காட்ட வரச் சொன்னாள். என் அப்பா கோபப்படவில்லை. "முதல்ல டிகிரியை முடிச்சுடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் போகவில்லை. நீ போனாய். தை மாதத்தில் வந்து சேரும்படி உன்னைக் கேட்டார்கள்.

வீட்டில் சொல்லும் அன்று என்னையும் கூட்டிப் போனாய். "நீ இருந்தா அப்பா கத்தமாட்டார்" என்றாய். விமான நிலைய ஷிப்ட் முடிந்து வந்திருந்த அவர், மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவின் நுனியில் இருந்தார். அம்மா முதலில் கேட்டது, "அங்க ஆர் உனக்குச் சமைச்சுத் தருவினம்?" என்பது. அப்பா கத்தவில்லைதான்.

"யூனியை முடிச்சிட்டுப் போனா என்ன?" என்றார்.

"யூனி அங்கேயே நிக்கும் அப்பா. இவையள் எனக்காக நிக்கமாட்டினம்."

"விழுந்து கை முறிஞ்சா?"

"முறிஞ்ச கையோட வந்து படிப்பன்."

அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். உன் தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நீ புறப்பட்ட நாளில் அவர் வேண்டுமென்றே கூடுதல் ஷிப்ட் வாங்கிக்கொண்டார். விக்டோரியா பஸ் நிலையத்துக்கு நான்தான் வந்தேன். பையை ஏற்றிய பிறகும் நீ படியில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். டிரைவர் கதவை மூடப்போவதாகச் சொன்னபோதுதான் உள்ளே போனாய். நான் அங்கிருந்து நேராக வகுப்புக்குப் போனேன். எந்தப் பாடம் நடந்தது என்று தெரியாது.

முதல் வருடம் முழுக்க நீ பெஞ்சில்தான் இருந்தாய். "இண்டைக்கும் குந்தியிருந்ததுதான். இடுப்பு நோகுது" என்று போனில் சிரிப்பாய். சிரிப்பு நாளுக்கு நாள் குறைந்ததை நான் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் முதல் கீப்பருக்குக் காயம்பட்டது. உனக்கு இடம் கிடைத்தது. ஆட்டம் பார்க்க உன் அப்பாவை நான் கூப்பிட்டேன். எனக்கு ஷிப்ட் இருக்கு என்று சொன்ன மனுஷர், அந்தச் சனிக்கிழமை காலை ரயில் நிலையத்தில் கையில் ஒரு பை நிறைய, வீட்டில் பொரித்த ரோல்ஸோடு எனக்கு முன்பே வந்து நின்றார்.

அன்று உங்கள் அணி தோற்றது. மூன்று கோல் போயிற்று. உன் அப்பா இருக்கையில் உட்காரவே இல்லை. நீ எந்தப் பக்கம் பாய்ந்தாயோ அந்தப் பக்கம் அவர் தோளும் சாய்ந்தது. முடிந்ததும் முகமெல்லாம் சேற்றோடு வேலியருகே வந்தாய். ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்த அப்பாவும் மகளும். நான் தள்ளிப் போய் நிற்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர், "சாப்பிட்டனியே?" என்றார். நீ இல்லை என்றாய். கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்று ரோல்ஸ் சாப்பிட்டாய். திரும்பும் ரயிலில் அவர் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஒவ்வொருக்காலும் உடன எழும்பினவள், பாத்தனீரே?" என்றார்.

மூன்றாம் வருடக் கடைசியில் உன் முழங்கால் போனது. புதிதாக வந்த பயிற்சியாளர் உன்னை வைத்துக்கொள்ளவில்லை. போனிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். நீ லண்டன் வந்த மறுநாள் சட்டனில் ஒரு கடையின் கார் நிறுத்தத்தில், என் காருக்குள் இருந்து அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை எண்டு இப்ப எனக்குத் தெரியும்" என்றாய். "போகாட்டி இது தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சது நல்லதா, கெட்டதா?"

"தெரியேல்லை. ஆனா அது என்ரை."

என்னுடையது என்ற அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். அப்போது நான் பட்டம் வாங்கி, சிட்டியில் நல்ல வேலையில் சேர்ந்திருந்தேன். நான் கெட்டிக்காரியா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீ திரும்பப் படித்தாய். பொருளாதாரம் வேண்டாம் என்று பிசியோதெரபி எடுத்தாய். உன் முழங்காலைப் பிடித்துவிட்டவர்களிடமிருந்து அந்த ஆசை வந்தது என்றாய். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இடுப்பு மூட்டு மாற்றிய கிழவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைக்கிறேன், என் பந்தடிக்காரர்களைவிட இவையள்தான் பிடிவாதம் என்று கதை சொல்வாய். இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு வசந்தகாலக் காலையில், வார்டுக்குப் போக உடுப்பு மாற்றும்போது விழுந்தாய். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்தொன்பது வயது.

உன் செத்தவீட்டில் ஒருவர், "பாவம், பாதியில படிப்பை விட்டு மூண்டு வருசத்தை வீணாக்கிப்போட்டுது பிள்ளை" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அவ விளையாடி நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"நான் பாத்திருக்கேன்" என்றேன்.

அதன் பிறகு நான் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். இத்தனை குறுகிய வாழ்க்கையில் அந்த மூன்று வருடமாவது கிடைத்ததே என்று ஒரு மனம் சொல்லும். அது கள்ள வாதம் என்று இன்னொரு மனம் சொல்லும். நீ சாகப்போகிறாய் என்று தெரிந்தா பஸ் ஏறினாய்? எண்பது வயதுவரை இருந்து, அந்த முழங்காலோடு படியேறத் திணறியிருந்தால் அப்போது என்ன சொல்வோம்? ஆபீஸில் கூட்டம் நடக்கும்போதும் இதுதான் ஓடுகிறது. என் கால் ஆடி மேஜையே நடுங்குகிறது என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார்.

இந்த நிலையில்தான் ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று வாசல் மணியை அழுத்தும்வரை தெரியாது. உன் தங்கை கதவைத் திறந்தாள். தாடை அப்படியே உன்னுடையது.

"அக்கா, லெக்சர் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அப்பா சொல்லச் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும்."

"எனக்கும் லெக்சர் வராது. உனக்கு என்ன கேக்கணுமோ கேளு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்ரை அக்கா எப்பவாவது ரிக்ரெட் பண்ணினவவா? உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்ச ஆரும் சொல்லீனம் இல்லை."

உன் அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டது இதற்காக இல்லை. இருந்தாலும் நான் சொன்னேன். பெஞ்சில் இருந்த வருடத்தைச் சொன்னேன். குறைந்துபோன சிரிப்பைச் சொன்னேன். போனில் வேலை போனதையும், காரில் அழுததையும், அங்கே நீ சொன்னதையும் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. நீ அழுதது உன் அப்பாவுக்கு அன்றுதான் தெரியும். அவர் வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என்னட்டை அவள் ஒருநாளும் சொல்லேல்லை" என்றார்.

அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"நான் போறன் அப்பா" என்றாள் உன் தங்கை. மெதுவாகத்தான் சொன்னாள். "எனக்கும் அப்பிடி ஆகலாம். தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். "எப்ப போகவேணும்?"

"அடுத்த மாசம்."

"பஸ்ஸில போகவேண்டாம். நான் கொண்டுபோய் விடுறன்."

அம்மாதான் அழுதார். அழுதுகொண்டே, அங்கே அடிக்கிற குளிருக்கு நல்ல போர்வை வாங்கவேணும் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காரில் போனார்கள். மாலை அங்கிள் போன் செய்தார். அறை சின்னன், ஆனால் ஜன்னலால் கடல் தெரியுது என்றார். என்னை அவர் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லி ஆறியிருப்பேன். நான் சொன்னதால்தான் அவள் போனாளா, எப்படியும் போயிருப்பாளா? நாளைக்கு அவள் முழங்காலும் போனால் யாருடைய காரில் உட்கார்ந்து அழுவாள்? இதையெல்லாம் உன்னிடம் கேட்டால், விசரி, போய்ப் படு என்று சொல்லியிருப்பாய்.

அவளுடைய முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் அப்பாவைப் போல என்னாலும் அங்கே உட்கார்ந்து பார்க்க முடியாது. நீ போன பிறகு என்னோடு தங்கிவிட்டது இந்த நிலைகொள்ளாமைதான். துக்கம் ஆறினால் இதுவும் போய்விடும் என்கிறார்கள். போகாமல் இருக்கட்டும். இது இருக்கும்வரை, எழுந்து போய்ப் பார்க்க வேண்டியது ஏதோ ஒன்று எனக்கும் மிச்சம் இருக்கிறது.