நான்கு எலுமிச்சம்பழங்கள்

என் மகளின் அப்பாவுக்கு,

விபத்துக்குப் பிறகு நீங்கள் போய்த் தங்கியிருக்கும் சிம்பாங் அம்பாட்டில், உங்கள் அக்கா சமையல் நன்றாகத்தான் இருக்கும். கூடவே அந்தப் பேச்சும் இருக்குமே: “பூச போடாம புதுக் காடிய எடுத்த, அதான்லா பிள்ளைக்குக் கால் ஒடஞ்சிருச்சு, தம்பி.”

அக்கா பாசத்தில் சொல்கிறார். நீங்கள் ஏன் தலையாட்டுகிறீர்கள்? முன்னால் நடந்ததெல்லாம் காரணமா? அன்று காலை நான் தோசை சுட்டேன். அதுவும் விபத்துக்கு முன்னால்தான். கெலுகோர் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நிற்காமல் வந்து நம் காரை இடித்த லாரியை நினைத்துப் பாருங்கள். அதன் முன்கண்ணாடியில் மாலை, குங்குமம் எல்லாம் இருந்தது. அதை ஓட்டியவன் பூசை போட்டவன்தான்!

நாளை பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். “அப்பா ஓட்டுனாதான் வருவேன்” என்கிறாள். நீங்கள் சாவியைத் தொடவே மறுப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

பட்டறையிலிருந்து காடி வந்துவிட்டது. நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உங்களுக்கு இருக்கிறதே, அது போதும்.

எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அந்தப் பழங்களை நீங்கள் வந்துதான் நசுக்க வேண்டும்.

கோபம் குறையாமல் காத்திருக்கும்,
உங்கள் மனைவி