உழவாரனைக் கையிலிருந்து விட்ட காலை

அப்பா,

பள்ளி திறக்கப்போகிறதே என்று நேற்று ஜாமெட்ரி பாக்ஸைத் துடைத்தேன். மூடியின் கீல் இடுக்கில் ஒரு வெட்டுக்கிளியின் கால் காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். புல் வாசனை இன்னும் போகவில்லை. காம்பஸை வெளியே எடுத்துப்போட்டுவிட்டு, அந்தப் பெட்டியில் நாம் ஈயும் வெட்டுக்கிளியும் அடைத்துவைத்த இருபது நாட்களும் நினைவுக்கு வந்தன.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேலை பார்த்த நூல்மில்லை மூடிவிட்டார்கள் என்று எல்லோரும் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த அன்று, நீங்கள் மட்டும் துண்டில் எதையோ பொதிந்துகொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். மில் வாசல் வளைவில் கூடு கட்டியிருந்த கறுத்த குருவிகளின் குஞ்சு அது. காக்கை கொத்தியதில் இடது இறக்கையின் அடியில் ரத்தம்.

"பொழைக்குமா தாயி?" என்று என்னைத்தான் கேட்டீர்கள்.

உப்புநீரில் துடைத்து மஞ்சள் வைத்தோம். தரையில் விட்டால் நிற்காமல் வயிற்றில் கவிழ்ந்தது. காலும் ஒடிந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னவள் நான். முதலுதவிப் பாடத்தில் இருந்தபடி இரண்டு தீக்குச்சிகளை வைத்துக் காட்ட, அறுந்த நூலைக் கண் இமைப்பதற்குள் முடிந்து பழகிய உங்கள் விரல்கள் அந்தச் சின்னக் கால்களில் கட்டுப்போட்டன. பிறகு அதன் இரைக்கு ஈ வேட்டை.

"மில்லை மூடுனாலும் மூடுனாங்க, அப்பனுக்கும் மகளுக்கும் ஈ பிடிக்கிற வேலை கெடச்சிருச்சு!" என்றாள் அம்மா. ஆனாலும் அடுப்படியில் உட்கார்ந்த ஈயை அவளும் விடவில்லை.

மூன்றாம் நாள், இரை ஊட்டும்போது அது கட்டுக்கு வெளியே நீட்டிய நகங்களால் உங்கள் சட்டையைப் பற்றிக்கொண்டு தொங்கியது. இழுத்தால் சட்டையும் கூடவே வந்தது.

"ஒடிஞ்ச காலு இம்புட்டு இறுக்கிப் பிடிக்குமா தாயி?"

குனிந்து பார்த்தேன். நான்கு விரல்களும் முன்பக்கமாகவே இருந்தன. நிற்பதற்கான கால்களே அல்ல, தொங்குவதற்கானவை. கட்டை அறுத்தபோது என் முகம் சுட்டது. நீங்களோ, "நல்ல காலுக்குக் கட்டுப்போட்ட மொத ஆஸ்பத்திரி நம்மளுதுதான் டாக்டரம்மா" என்று அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தீர்கள். அதன்பிறகு உங்கள் பழைய காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது, குஞ்சு அந்தச் சட்டையில் தொங்கியது. நூலகத்தில் தேடி, அதன் பெயர் உழவாரன் என்று கண்டுபிடித்தேன்.

புண் ஆறியது. இறக்கைகள் வாலைத் தாண்டி வளர்ந்து கத்தரிபோல் குறுக்கே மடிந்தன. அப்போதுதான் அது இரை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டது. நீங்கள் சைக்கிளில் பரவை வயல்வெளி வரை போய் இளம் வெட்டுக்கிளியாகப் பிடித்து வந்தீர்கள். தொடவில்லை. உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் இந்த முறை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டையைப் பிடித்தபடியே அது இறக்கைகளை அடித்தது. சாயங்காலம் அதன் இனம் கூரைக்கு மேலே கீச்சிட்டுப் போனபோதெல்லாம் தலையைத் திருப்பியது.

"அது பறக்கத் தயாராயிருச்சு. மாடியிலருந்து விடணும்ப்பா. தரையிலருந்து அதால எந்திரிக்க முடியாது."

"தப்பிப்போயி விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா செத்துரும்."

"இன்னும் ரெண்டு நாளு இருக்கட்டுமே. சாப்பிட ஆரம்பிக்கட்டும்."

"ரெண்டு நாளும் சாப்பிடாமக் கெடந்தா பறக்கத் தெம்பு இருக்காதுப்பா."

நீங்கள் சட்டையில் தொங்கிய குஞ்சை ஒரு விரலால் தடவிக்கொடுத்தீர்கள். வேலையில்லாத அந்த நாட்களில் காலையில் எழுந்து செய்வதற்கு உங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. மறுநாள் காலை நீங்களே சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினீர்கள்.

"தூக்கிப் போடவா?" என்றீர்கள். வேண்டாம் என்று என் உள்ளங்கையில் வாங்கி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினேன். அதன் நெஞ்சு என் கையில் தடதடவென்று அடித்தது. இறக்கைகள் நடுங்கின. பிறகு கை காலியாகிவிட்டது.

அது நேரே கீழே போனது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எதிர்வீட்டு ஓட்டுக்கூரையை உரசுவதுபோல் வளைந்து, முருங்கைக்கு மேலே அது எழுந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

"அப்பா, கண்ணத் தொறங்க! அங்கன பாருங்க!"

அன்று சாயங்காலம் உங்களைத் தேடி டீக்கடைக்கு வந்தேன். நான் பின்னால் நிற்பது தெரியாமல் மில் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "எம்புள்ள பாத்துச் சொன்னா சரியாத்தான்ணே இருக்கும்."

மில் திறந்தது. அடுத்த தை மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் பத்தாவது எழுதி முடித்தேன். போன வாரம் பேரையூரிலிருந்து பெரியப்பா வந்தார்.

"பொட்டப்புள்ளைக்குப் பத்தாவது போதும்த்தா. ஒங்கப்பன் இருந்தா அவனும் இதத்தான் சொல்லியிருப்பான்."

டீக்கடையில் நீங்கள் சொன்னதை அவர் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தையைத்தான் வைத்திருக்கிறேன், அப்பா. அது லேசானது இல்லை. நான் சொல்வது சரியாக இருந்தாக வேண்டுமே! அதனால் முதலில் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மாவுக்குத் தையல் வேலை ஓயாமல் வருகிறது. பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். உதவித்தொகைக்கு என் மதிப்பெண் போதும் என்று டீச்சரிடம் கேட்டுவிட்டேன். பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"நான் பிளஸ் ஒன் சேரப்போறேன் பெரியப்பா. சயின்ஸ் குரூப்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்துவந்து, "பேனாவக் குடு ஆத்தா" என்று என்னிடம் கேட்டு வாங்கி, என் சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். தந்தையின் பெயர் என்ற கோட்டில் உங்கள் பெயரை நான் எழுதினேன், நிதானமாக, ஒரு அடித்தல் இல்லாமல்.