ஃபிளீஸில் சுற்றிய ஐஸ்கட்டி

அன்புள்ள நங்கைக்கு,

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர். இரட்டையர் இருவருக்கும் சளிக்காய்ச்சல், யாழினி அம்மாயி வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர்களில், உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மாரிச்செல்வி டீச்சர், சத்துணவு சமைக்கும் ருக்குமணியக்கா, அப்புறம் நான். பள்ளிக்கூடச் செய்தி எது சொன்னாலும் இதைத்தானே முதலில் கேட்பீர்கள்?

மார்கழியும் தையும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் நீங்கள் நடத்திவந்த குளிர்கால வகுப்பு, இந்த வருடம் நின்றுபோகும்போல இருந்தது. மாரிச்செல்விக்குத் திருநெல்வேலிப் பக்கம். நல்ல பெண். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற பிள்ளைகளுக்குப் பனித்துளி பார்க்க நேரம் ஏது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நீங்கள் போன பிறகு அண்ணன் என்னிடம் கொடுத்த உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ஒரே ஒரு வெள்ளி நடத்திக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது பிடிபட்டால் தைக் கடைசி வரை நடத்தலாம், இல்லையென்றால் அந்த மணி நேரம் வாசிப்புக்கு என்று சொல்லிவிட்டாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். அப்புறம் படித்ததெல்லாம் தினத்தாளும் முருகன் பாட்டுப் புத்தகமும்தான். நீங்கள் நின்ற இடத்தில் நான் போய் நிற்பதா? கோயிலில் ஒரு விளக்குப் போட்டுவிட்டுத்தான் நேற்றுப் போனேன்.

நோட்டில் அந்தப் பக்கத்தில் நாலே வரி. மூன்று டம்ளர், மூன்று ஐஸ்கட்டி. ஒன்று திறந்தபடி, ஒன்றுக்கு மெல்லிய பனியன் துணி, ஒன்றுக்குத் தடித்த ஃபிளீஸ். எது முதலில் உருகும்? விடையை எங்கேயும் காணோம். 'பார்க்கட்டும்' என்று மட்டும் அடியில் எழுதியிருந்தீர்கள். இவ்வளவு சுலபமான விடையை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருப்பீர்கள் என நினைத்துக்கொண்டேன்.

துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? அடுத்த தெருப் பனியன் கம்பெனியில் ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகள் கொடுத்தார்கள். ஃபிளீஸ் என்பது வெளிநாட்டுக் குளிருக்குப் போகிற ஸ்வெட்டர் துணி, உள்பக்கம் பஞ்சு மாதிரி. எது முதலில் உருகும் என்று கேட்டதும் பத்தொன்பது கையும் ஃபிளீஸுக்குத்தான் தூக்கின. கம்பெனியில் அந்தத் துணிக் குவியல்மேல் படுத்தால் வேர்க்கும் என்று கவின் சாட்சி வேறு சொன்னான். "ஆமா கண்ணு, சூடான துணியாச்சே, அதுதான் முதல்ல உருகும்" என்று நானும் அடித்துச் சொன்னேன்.

திறந்து வைத்த கட்டி பாதி தண்ணீரானதும் மற்ற இரண்டையும் பிரித்தோம். பனியன் துணியில் இருந்தது கொஞ்சம் கரைந்திருந்தது. ஃபிளீஸில் இருந்தது வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருக்கிறது, நங்கை.

நான் டம்ளரை மாற்றி வைத்துவிட்டதாக என்மேல் பழி போட்டான் கவின். இன்னொருத்தி, எட்டிப் பார்க்க வந்த ருக்குமணியக்காதான் மற்ற இரண்டையும் அடுப்பில் காட்டியிருப்பாள் என்றாள். "ஏஞ்சாமி, எனக்கு வேற பொழப்பில்ல பாரு" என்று அக்கா கரண்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கடைசி வரிசையில் மாரிச்செல்வி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சமாளிக்க ஒரு பொய்கூட அகப்படவில்லை.

"நான் சொன்னது தப்புங்க, கண்ணுகளா. ஏன்னு எனக்கும் தெரியல."

ரேஷ்மா எழுந்தாள். அவள் அப்பா பல்லடம் ரோட்டில் சர்பத் வண்டி வைத்திருக்கிறார்.

"எங்கப்பா ஐஸைச் சாக்குலதானுங்க சுத்தி வெப்பாரு. இல்லாட்டிக் கரைஞ்சுருமாமா."

சாக்கு ஒன்றும் சில்லென்று இருக்காதே என்று கவின் மடக்கினான். ஃபிளீஸும்தான் சூடாக இல்லை, நீயே தொட்டுப் பார் என்றாள் அவள். அவ்வளவுதான், பத்தொன்பது பேரும் பையில் கையை விட்டார்கள். துணி குளிர்ந்துதான் கிடந்தது. ஸ்வெட்டருக்குச் சூடே கிடையாது, சூடு நம்முடையது, அது வெளியே போகாமல் துணி பிடித்துக்கொள்கிறது, ஐஸுக்கு வெளிச்சூட்டை உள்ளே விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று அவர்களே வாதாடி வாதாடிக் கண்டுபிடித்தார்கள். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

நிற்கும்போதுதான் மார்கழிப் பால் ஞாபகம் வந்தது. பிள்ளையாருக்கு அபிஷேகத்துக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சில்லென்று ஊற்றக் கூடாதே என்று, சொம்பைச் சுற்றி ஃபிளீஸ் துண்டு கட்டித்தானே வருடாவருடம் கொண்டுபோவேன்? எத்தனை மார்கழி அந்தச் சாமியைக் குளிரக் குளிரக் குளிப்பாட்டினேனோ. கோயில் படியில் அந்தச் சொம்பைப் பார்த்து நீங்கள் ஒரு தரம் சிரித்தீர்கள். என்னங்க என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றீர்கள். அப்போதே தெரியும், இல்லையா?

வகுப்பு முடிகிற நேரத்தில் மாரிச்செல்வி எழுந்து வந்து, பிள்ளைகள் சொன்னதையே கரும்பலகையில் எழுதினாள். 'சாக்குக்குள் ஐஸ் கரையாது.' யாரும் சொல்லாமலே ஒவ்வொருத்தரும் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். தங்கள் வாய்ச்சொல் அல்லவா! தைக் கடைசி வரை நடத்தலாம் என்றாள். ஆனால் என்னைத்தான் வரச் சொல்கிறாள்.

"தெரியலன்னு சொன்னீயள்லா, அதுக்குப் பொறவுதாம்மா புள்ளையெல்லாம் பேச ஆரம்பிச்சுது" என்றாள்.

புதன்கிழமை சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். போவதாகத்தான் இருக்கிறேன், நங்கை. ஒரு வெள்ளியும் தவற மாட்டேன், நேற்று மாதிரி முந்திக்கொண்டு விடை சொல்லவும் மாட்டேன், இது சத்தியம். அடுத்த வாரம் வெயிலில் நிழல் அளப்பது. அதன் விடை எனக்குத் தெரியும், அதுதான் பயமே. ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கும்போது, அத்தனை வருடம் எப்படி வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்? நோட்டில் தேடிவிட்டேன், அதை மட்டும் எழுதவில்லை. கனவிலோ எப்படியோ, புதனுக்குள் பதில் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்,
சரஸ்வதி