வேட்டித் திரையில் உன் குரல்

என் சண்டைக்காரி சரசு அக்காவுக்கு,

அசதியாக இருக்கிறது அக்கா. கால் கடுக்கிறது, கண் எரிகிறது. சமையல்கட்டில் பாத்திரம் அப்படியே கிடக்கிறது, கிடக்கட்டும். இதை இன்றைக்கே எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இங்கே கொல்கத்தாவில் நம் டாக்குரியா வீட்டின் முன்னறையில், உன் மகளுக்கு உன்னைப் போட்டுக் காட்டினோம்.

மாலுவுக்கு இப்போது பதினேழு வயது. மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோனபோது அவளுக்கு ஒன்றரை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த நான் ஊருக்குத் திரும்பவே இல்லை. பெரியவர்கள் பேசினார்கள், என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள், நானும் தலையாட்டினேன். உன் புருஷனைக் கட்டிக்கொண்ட பிறகும் அவர் எனக்கு அத்தான்தான், வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை. மாலு மட்டும் என்னை அம்மா என்றாள்.

உன் படத்தைக் காட்டி, "இவங்கதான் உன்னைப் பெத்தவங்க" என்று சொல்லித்தான் வளர்த்தேன். மறைக்கவில்லை. ஆனால் உன்னைச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. 'அவங்க' என்பாள். இருந்த ஒரு வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன் அல்லவா?

போன மாதம் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அவங்க குரல் எப்படி இருக்கும்?"

"உன்னை மாதிரிதான். வாய் ஓயாது."

"எனக்குக் கேக்கணும். அந்தக் காது குத்து வீடியோ கேசட் இருக்குல்ல?"

அது பூசணம் பிடித்துப் போயிருக்கும் என்று இத்தனை வருஷமும் அவளிடம் சொல்லிவந்தேன். பிடிக்கவில்லை அக்கா. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. வைத்தவளே நான்தான். ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதே, உனக்கே தெரியும். அவள் உன்னைப் பார்த்துவிட்டால், உன் பேச்சைக் கேட்டுவிட்டால், பிறகு நான் யார் இந்த வீட்டில்?

அன்று பொய் வாயில் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

உன் புருஷன் இருக்கிறாரே, எதையும் லேசில் செய்யமாட்டார். டிவியில் போட்டால் ஆயிற்று. "டிவி பொட்டிக்குள்ள சின்னதா எதுக்கு? ஆள் உயரத்துக்குப் பாக்கட்டும்" என்றார். ஆபீஸ் மீட்டிங் ஹாலில் கூரையிலிருந்து தொங்கிய பழைய புரொஜெக்டரைக் கழித்துவிட்டார்களாம், அதை வாங்கி வந்தார். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பொட்டு வைப்பது நம் வழக்கம். நானும் குளித்துவிட்டு வந்து, சந்தனம் குழைத்து, முகம் மாதிரி முன்னால் உருண்டையாக ஒரு கண்ணாடி இருந்ததே, அதன் நட்ட நடுவில் வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். வேறு எங்கே வைப்பது?

ஜன்னலுக்கெல்லாம் போர்வை. சுவரில் அத்தானின் கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டி. மின்விசிறிக் காற்றில் வேட்டி அலைந்தது, அதனால் விசிறியும் நிறுத்தம். கொல்கத்தா வைகாசி வெயிலில் அடைத்த அறைக்குள் மூன்று பேர் வெந்துகொண்டிருந்தோம். அத்தான் மஞ்சள் வயரை நம் பழைய வீடியோ டெக்கில் ஒரு முனையும் புரொஜெக்டரில் ஒரு முனையுமாகச் செருகி, கேசட்டைத் தள்ளினார். நீ வந்தாய். தலைகீழாக வந்தாய்.

"ஐயோ, கவுந்து கிடக்கா!" என்றேன். அத்தான் யோசித்தார், புரொஜெக்டரைத் தூக்கிக் கவிழ்த்து, நாலு டைரிகளுக்கு நடுவில் நிறுத்தினார். மல்லாந்த ஆமை மாதிரி அது ஒரு பக்கம் சாய்ந்தது, நீயும் சாய்ந்தாய். மாலு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஓடிப்போய்க் கீழ்வீட்டு வங்காளி அண்ணன் தபஸ்தாவைக் கூட்டி வந்தாள். காலேஜ் லேபில் வேலை பார்க்கிறவர், என்னை பௌதி பௌதி என்று அண்ணிக்குரிய மரியாதையோடு கூப்பிடுவார்.

"ஏ கீ! உல்டோ கேனோ?" என்று, ஏன் தலைகீழாக நிற்கிறது என்று, அவர் பதறிக்கொண்டே அதை நிமிர்த்தி வைத்தார். கூரையில் தலைகீழாகத் தொங்கியது அல்லவா, உள்ளே இன்னும் அந்தக் கணக்குதானாம். மெனுவில் இரண்டு பொத்தான் அமுக்கினார். நீ நேராக நின்றாய்.

நின்றாயே தவிர முகம் இல்லை. எல்லாம் ஒரே புகை. பச்சைப் புடவை தெரிகிறது, கையில் குழந்தை தெரிகிறது, முகம் இருக்கிற இடத்தில் மூட்டம். தபஸ்தா வளையத்தை இப்படியும் அப்படியும் திருகினார். மாலு வேட்டிக்குக் கிட்டத்தில் போய் நின்று பார்த்தாள். "கேசட் போயிடுச்சு போல" என்றாள்.

அப்போதுதான் அறையில் சந்தன வாசனை அடித்தது. சூட்டில் என் பொட்டு காய்ந்துகொண்டிருந்தது.

உன்னிடம் மறைக்கமாட்டேன். வேறு யாருக்கும் இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும், கேசட் கெட்டுவிட்டது என்று எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள். ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தேன் அக்கா. பாவி நான். வேட்டிக்கு முன்னால் நின்ற அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"நான்தான் பொட்டு வச்சேன்" என்றேன். அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். ஆறவைத்து, தபஸ்தாவின் மூக்குக் கண்ணாடித் துணியை வாங்கி, நானே துடைத்தேன். திரும்பப் போட்டதும் நீ பளிச்சென்று வந்தாய். எவ்வளவு சின்னப் பெண்ணாக இருக்கிறாய்! எனக்கு நாற்பது ஆகப்போகிறது, உனக்கு இருபத்தாறுதான்.

வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த மெஷினில் ஸ்பீக்கரே கிடையாதாம், சிவப்பு வயரும் வெள்ளை வயரும் பாட்டுப் பெட்டிக்குப் போகவேண்டுமாம். பீரோ இடுக்கில் நுழைந்து பாட்டுப் பெட்டியின் முதுகில் இரண்டையும் செருகியது உன் மகள்தான். முதலில் ஒரு உறுமல், அப்புறம் நீ.

"ஏட்டி வசந்தி! எங்க போனா இவ?"

பதினாறு வருஷம் கழித்து வாயைத் திறக்கிறாய், அதுவும் என்னைத் திட்டி! அத்தான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

நமக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். நீ விடுவாயா? "மாமன் இல்லன்னா என்ன? என் தங்கச்சி மடி இருக்குல்லா" என்று கத்திவிட்டு, பிள்ளையை என் மடியில் உட்கார்த்துகிறாய். "நீ புடிட்டி. என்னால பாக்க முடியாது." புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறாய்.

அதற்குப் பிறகு படத்தில் நீ இல்லை. வீறிடும் மாலு, அவளைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நான், ஆசாரியின் கை. வெளியிலிருந்து உன் குரல் மட்டும் வருகிறது. "முடிஞ்சிட்டாட்டி? முடிஞ்சிட்டா?" பதில் சொல்ல மறந்து நான் பிள்ளையோடு சேர்ந்து அழுகிறேன். அத்தோடு கேசட் தீர்ந்துவிட்டது.

தபஸ்தா சொல்லாமல் கொள்ளாமல் கீழே போனார். மாலு கேசட்டைப் பின்னால் ஓட்டித் திரும்பப் போட்டாள். மறுபடி நீ ஓடினாய், மறுபடி கேட்டாய். மூன்றாவது தடவை, "முடிஞ்சிட்டா?" என்று நீ கேட்டதும், மாலு வேட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"முடிஞ்சிடுச்சு அம்மா. உள்ள வாங்க."

வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இனி உன்னிடம் பொய் வேண்டாம். வலித்தது. ஆனாலும் அந்த வார்த்தை உன்னுடையதுதானே அக்கா, எத்தனை நாள்தான் நானே வைத்துக்கொள்வேன்?

ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். இனி அவள் உன்னை எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் நடுவில் வரமாட்டேன், உன்னைப் பற்றி எது கேட்டாலும் பூசி மெழுகாமல் சொல்வேன். காய்ச்சலில் முனகும்போது அவள் என்னைத்தான் கூப்பிடுவாள், அப்போது நான் போவேன். அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்.

அவளை மடியில் வாங்கிக்கொண்ட உன் தங்கச்சி,
வசந்தி